ஆண்டறிக்கை 2024–25: நீலகிரி கிராமிய இசைப் பதிவுப் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தோடர் மந்து, கோத்தர் கோக்கால், படுகர் ஹட்டி ஆகிய ஊர்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பதிவான கோப்புகளின் எண்ணிக்கையும் பட்டியலும் இணைப்பில் இருப்பதால் இங்கே திரும்பச் சொல்லவில்லை. இந்த ஆண்டின் பெரிய வேலை பதிவுகளைத் தேடும் அட்டவணையை மாற்றியதுதான். அதையே முதலில் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு வரை பீரோவில் தட்டுக்கு ஒரு சமூகம்: தோடர், கோத்தர், படுகர், இருளர், குறும்பர், பணியர். பார்க்க அழகாக இருந்தது, தேடினால் ஒன்றும் கிடைக்காது. இந்த மலையில் ஒருவர் வீட்டுச் சடங்குக்கு இன்னொருவர் வாசித்து வந்ததுதான் காரணம். தோடர் சாவுக்கும் படுகர் சாவுக்கும் கோத்தரின் கொள் என்ற ஊதுகுழலும் தபட்க் என்ற தோற்கருவியும் போகும். பதிலுக்குத் தானியமும் நெய்யும் எருமையும் வரும். 1930களிலிருந்து இந்த வழக்கம் படிப்படியாகத் தேய்ந்தது. ஹட்டிகளுக்கு இருளர், குறும்பர் குழுக்கள் வாசிக்கப் போகத் தொடங்கின. அப்படியிருக்க ஒரு நாடாவை எந்தத் தட்டில் வைப்பது?

‘படுகர் சாவு – கொள்’ என்று பேனாவால் எழுதிய ஒரு கேசட் கோத்தர் தட்டிலேயே கிடந்தது. கொள் என்றால் கோத்தர் என்று யாரோ முடிவு கட்டியிருக்கிறார்கள். கோக்கால் பெரியவர்கள் இரண்டு நிமிடம் கேட்டதுமே, ‘இது நம்ம வாசிப்பு இல்லை’ என்றார்கள். ஊதலுக்கு அடியில் கேட்டது தபட்க் அல்ல, இருளரின் பொரை மேளமும் தவிலும். சீட்டு எழுதியவர் காதில் வாங்கியது குழலை மட்டும்தான். ஊதுகுழல் வாசிக்கும் சமூகங்களிடமெல்லாம் அது ஏறத்தாழ ஒரே சாயலில் இருக்கும். தோற்கருவிதான் ஆளைக் காட்டும். இனி சந்தேகம் வந்தால் முதலில் அடியைக் கேளுங்கள்.

இப்போது ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அட்டை. என்ன நிகழ்வு, யார் வீடு அல்லது கோயில், ஊதியவர், அடித்தவர், பாடியவர் எந்தச் சமூகம், பாட்டின் மொழி, சடங்கின் எந்தக் கட்டம், யார் கேட்கலாம் என்பவை அதில் இருக்கும். சமூகப் பெயரில் தேடினால் ஒரே கோப்பு இரண்டு மூன்று இடங்களில் வரும், வரவேண்டும்.

‘யார் கேட்கலாம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் எந்தக் கோப்பும் உள்ளே வராது. கோத்தரிடம் மெட்டுக்கும் கொள் என்றே பெயர்; அதில் தெய்வத்துக்கான கொள், சாவுக்கான கொள், ஆட்டத்துக்கான கொள் என்று பிரிவு உண்டு. சாவு மெட்டைச் சும்மா ஊதக்கூடாது. அதைப் பொங்கல் விழா மேடையிலோ வானொலியிலோ போட்டால் பிழை நம்முடையது. ஆட்டக் கொள் எல்லாருக்கும், தெய்வக் கொள் அந்த ஊருக்குள், சாவுக் கொள் கேட்டு வருபவருக்கு ஊர் அனுமதித்தால் மட்டும் என்று மூன்று படியாக வைத்திருக்கிறோம். மற்றச் சமூகங்களின் பிரிவுகளை அவரவர் பெரியவர்களே முடிவு செய்கிறார்கள்.

எழுத்தில் ஒரு சிக்கல். தோடர் மொழியின் பல ஒலிகளுக்குத் தமிழில் எழுத்தில்லை. கோத்தர் மொழியிலும் ஓரளவு அப்படியே. தோடர் பாட்டில் சொற்றொடர்கள் இரட்டை இரட்டையாக வரும். ஒன்றைத் தவறாக எழுதினால் அதன் ஜோடியும் புரியாமல் போகும். ஆகவே பாடி முடித்த அன்றே, பாடியவரை ஒவ்வொரு தொடராக மெல்லச் சொல்லச் சொல்லித் தனிக் கோப்பாகப் பதிகிறோம். தமிழ் எழுத்து குறிப்புக்கு மட்டும். ஆதாரம் அந்தக் குரல். பத்து நிமிடப் பாட்டுக்கு இது ஒரு மணி நேரம் பிடிக்கும். ‘நாளை செய்யலாம்’ என்று விட்ட எதுவும் இதுவரை முடிந்ததில்லை.

வெளியே பதிவு செய்யப் போகும் இளைஞர்களுக்குச் சில சொல்லவேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் மணிக்கு 1 ஜிபிக்குச் சற்று மேல் பிடிக்கும்; 32 ஜிபி அட்டையில் ஏறத்தாழ 30 மணி நேரம். இடத்துக்குப் பயந்து எம்பி3யில் பதியவேண்டிய அவசியமே இல்லை. தானியங்கி ஒலியளவை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் ஒவ்வொரு அடிக்கும் கொள் அமுங்கி மெல்ல மேலேறும். இசைக்கு மூச்சு வாங்குவதுபோல் இருக்கும், பிறகு சரிசெய்யவும் முடியாது. சோதனைக்கு வாசிக்கும்போது எல்லாரும் மெதுவாகத்தான் வாசிப்பார்கள். அந்த நேரத்து உச்சம் −18 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஆட்டம் சூடேறும்போது அது தானே −6க்கு வந்து நிற்கும்.

மைக்கைக் கொள்ளின் வாய்க்கு நேரே நீட்டாதீர்கள். நீட்டினால் தோலின் ஒலி முழுவதும் அதற்குள் மூழ்கிவிடும். மேளக்காரர் பக்கமாக மூன்று மீட்டர் தள்ளி, தலைக்கு மேல் ஓர் அடி உயரத்தில் நிறுத்தினால் இரண்டும் சமமாக வரும். வட்டமாக ஆடிப் பாடும்போது ஓரத்தில் நின்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் குரல் நெருங்கி விலகும். நடுவில் நிற்க ஊர் அனுமதித்தால் நடுவே நல்லது. புல்வெளிக் காற்றுக்கு மைக்கின் நுரைப்பஞ்சு உறை போதாது, முடி உறை வேண்டும். காற்றிரைச்சலுக்குப் பயந்து தாழ்ஒலி வெட்டியைப் போடாதீர்கள். தவிலின் அடித்தொண்டையும் அதோடு போய்விடும்.

மூடுபனியில் தோல் தளரும். அதனால் பாட்டுக்குப் பாட்டு தபட்கைத் தீயில் காய்ச்சுவார்கள். பலர் அந்த நேரத்தில் பதிவுக்கருவியை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தவே கூடாது. அடுத்து எந்த மெட்டு, அது யாருக்குரியது என்ற பேச்செல்லாம் அந்தத் தீயைச் சுற்றித்தான் நடக்கிறது. நமது அட்டைகளில் சரியாக இருக்கும் மெட்டுப் பெயர்களில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில் கிடைத்தவை.

டிசம்பர், ஜனவரி உறைபனி இரவில் வெளியே இருந்த மைக்கை அடுப்பெரியும் வீட்டுக்குள் கொண்டுபோனால் உள்ளே நீர் கோத்துப் படபடவென்று பொரியும். வெளியிலேயே பையில் போட்டு மூடி, உள்ளே வந்தபின் ஜிப்பைத் திறக்காமல் அரைமணி நேரம் வைத்திருங்கள். உபரி பேட்டரி சட்டைப் பைக்குள் இருக்கட்டும். சாதாரண ஆல்கலைன் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும்.

பழைய கேசட்டுகளுக்கு வருகிறேன். 60 நிமிட நாடா ஒன்றைக் கணினிக் கோப்பாக மாற்ற மூன்று மணி நேரம் ஆகிறது. அவசரப்படுத்துபவர்கள் இதை நினைவில் வைக்கவேண்டும். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதைக் கருவியில் போடாமல் தனி ஜிப் பையில் கட்டி வைக்கிறோம், இல்லையென்றால் அடுத்தடுத்த நாடாக்களுக்கும் ஒட்டும். அழுத்தத் திண்டு உதிர்ந்திருந்தால் நாடாவைத் திருகாணி போட்ட வேறு கூட்டுக்கு மாற்றவேண்டும். பிறகு ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் சுற்றி, கருவியில் ஒலியைப் படிக்கும் தலையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, தலையின் சாய்வைத் திருகிச் சரிசெய்கிறோம். மோனோவில் கேட்டு, ஜால்ராவின் கூர்மை எங்கே அதிகமோ அங்கே நிறுத்தவேண்டும். ஒவ்வொரு நாடாவுக்கும் இது மாறும்.

திருத்த முடியாத ஒரு குறையும் உண்டு. பேட்டரி இறங்கிய டேப்ரிக்கார்டரில் பதிந்தவை இப்போது வேகமாகவும் சுருதி ஏறியும் ஒலிக்கின்றன. மின்சாரத்தில் பதிந்திருந்தால் பின்னணியில் 50 ஹெர்ட்ஸ் முனகல் இருக்கும், அதை வைத்து வேகத்தைக் கணக்கிடலாம். பேட்டரிப் பதிவில் அது இல்லை. கொள்ளின் சுருதியும் ஊருக்கு ஊர் வேறு. ஊகித்து மாற்றாமல், 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் உள்ளபடியே எடுத்து அட்டையில் குறித்திருக்கிறோம். மூலக்கோப்பில் இரைச்சலும் நீக்குவதில்லை.

பீரோவில் ஈரப்பதமானி வைத்தாகிவிட்டது. 65 சதவீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் ஜூன் முதல் நவம்பர் வரை சிலிக்கா ஜெல்லை வாரம் ஒருமுறை வறுத்து மாற்றுகிறோம். கோப்புகளுக்கு மூன்று பிரதிகள். ஒன்று மலைக்குக் கீழே இருக்கிறது. ஊர்களுக்குக் குறுந்தகடு கொடுப்பதை நிறுத்திவிட்டோம், போட்டுக் கேட்க யாரிடமும் கருவி இல்லை. 192 கிலோபிட் எம்பி3யாக மெமரி கார்டில் தருகிறோம். ஒரு மணி நேரப் பதிவு 90 எம்பிக்குள் அடங்கும்.

பொதுக்குழுவின் முடிவுக்கு இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. 1901–02இல் இங்கே வந்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடர் பாடல்களை மெழுகு உருளையில் பதிந்தார். அவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிடமே பிடிக்கும் என்றாலும், மந்துகளில் அமர்ந்து கேட்டுச் சொற்களை எழுதிக்கொள்ளப் பிரதி கேட்டு எழுதலாமா? அடுத்து, நமது மூலக்கோப்புகளின் நான்காம் பிரதியை 1982இல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இசையியல் ஆவணக் காப்பகத்தில் வைக்கலாமா? வைப்பதானால் மூன்று படி அனுமதியும் ஒப்பந்தத்தில் எழுதப்படவேண்டும் என்பது செயற்குழுவின் கருத்து. கோக்கால் பெரியவர்கள் கைதூக்காமல் இதை நிறைவேற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்