வரக்கூடிய பாகம்

பாளையங்கோட்டை,
கார்த்திகை 12.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அண்ணன் அனுப்பிய பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா என்று நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் உன் அண்ணன் இருந்தான். உன் அம்மை டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அதனால்தான் "பார்க்கலாம்மா" என்று முடித்துவிட்டேன். தவிர, எழுதி வைத்தால் நாளைக்கு எடுத்துப் பார்க்கலாம். 31 வருஷம் பத்திரம் எழுதினவனுக்கு வேறென்ன புத்தி இருக்கும்?

அண்ணன் உனக்கு அனுப்பிய விடுதலைப் பத்திர நகலை, அதாவது சொத்தில் உன் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரத்தின் நகலை, நானும் படித்தேன். சுத்தமாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஓர் எழுத்துப்பிழை இல்லை. "எனது தகப்பனார் காலத்துக்குப் பின்னிட்டு எனக்கு வரக்கூடிய பாகத்தை" என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறதே, அந்த 'வரக்கூடிய'விலேயே என் கண் நின்றுவிட்டது.

வந்த பாகம் வேறு, வரக்கூடிய பாகம் வேறு. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 6-வது பிரிவு, எந்தச் சொத்தையும் கைமாற்றலாம் என்று தாராளமாகத் தொடங்கும். உடனே விதிவிலக்குகளை அடுக்கும். முதல் விதிவிலக்கே இதுதான்: ஒருவர் இறந்தால் தனக்கு வாரிசுரிமை வரலாம் என்கிற வெறும் வாய்ப்பை யாரும் யாருக்கும் மாற்றிக்கொடுக்க முடியாது. லத்தீனில் இதற்கு 'ஸ்பெஸ் சக்ஸெஷனிஸ்' என்று பெயர். ஸ்பெஸ் என்றால் நம்பிக்கை. நம்பிக்கை மனசில் இருக்கலாம், சொத்து விவரத்தில் நான்கு எல்லை போட்டு எழுத முடியாது.

ஏன் அப்படி வைத்தார்கள் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பையன் ஒருவன், அப்பா சம்பாதித்த தென்னந்தோப்பில் 'வரக்கூடிய' பாதியை வட்டிக்காரர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தான். அவன் அப்பா கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தார். மகன் நடவடிக்கை தெரிந்ததும் தோப்பு முழுவதையும் பேத்தி பேரில் செட்டில்மென்ட் செய்துவிட்டார். வட்டிக்காரர் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் போனபோது நானும் அங்கே இருந்தேன். வக்கீல் இரண்டு வரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "காத்தை வெலைக்கு வாங்கிட்டு வந்திருக்கீரே வே" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த வியாபாரம் செல்லும் என்று வைத்துக்கொள், அப்பன் எப்போது சாவான் என்று கடன்காரன் நாள் எண்ணிக்கொண்டிருப்பான். மகனும்கூட.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே பையன் 'வரக்கூடிய' என்று எழுதாமல், 'இப்போதே எனக்குப் பாத்தியப்பட்டது' என்று புளுகி, அப்பாவுக்குப் பின் தோப்பும் அவன் கைக்கு வந்திருந்தால் கதை மாறியிருக்கும். 43-வது பிரிவு அவனைப் பிடித்துக்கொள்ளும். அதை நம்பிப் பணம் கொடுத்தவர், பின்னால் சொத்து அவன் கைக்கு வரும்போது 'கொடு' என்று கேட்கலாம். 1962-ல் உச்ச நீதிமன்றமே இதை ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. உண்மையைச் சொன்னவன் பத்திரம் செல்லாது, பொய் சொன்னவனைப் பத்திரம் கட்டும்! முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்தால் நியாயம்தான்.

அதற்காக, 'வரலாம்' என்பதையே சட்டம் மதிக்காது என்று நினைத்துவிடாதே. நம் வயல் குத்தகையையே எடுத்துக்கொள். பாபநாசம் அணை திறந்து கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்து கார் சாகுபடி விளைந்தால் இத்தனை கோட்டை நெல், திறக்காவிட்டால் அந்தப் போகத்துக்கு ஒன்றுமில்லை. இதுதானே நமக்கும் குத்தகைக்காரருக்கும் பேச்சு? 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 31-ம் பிரிவிலிருந்து இந்த மாதிரிப் பேச்சுகளுக்கென்றே இடம் ஒதுக்கியிருக்கிறது. நடந்தால் கட்டுப்படுத்தும். நடக்கவே முடியாததென்றால் ஒப்பந்தமே செல்லாது. அதற்கு அவர்கள் கொடுத்திருக்கும் உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: இரண்டு நேர்கோடுகள் சேர்ந்து ஓர் இடத்தை அடைத்தால் ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்றானாம் ஒருத்தன். நீ எட்டாம் வகுப்பில் ஜியோமெட்ரி பாக்ஸைத் தொலைத்துவிட்டு வந்த அன்று இதைச் சொல்லித்தான் உன்னைச் சிரிக்கவைத்தேன், நினைவிருக்கிறதா?

கிரிமினலில் இன்னும் கண்டிப்பு. 'செய்திருக்கலாம்' என்பதை வைத்து யாரையும் உள்ளே தள்ள முடியாது, 'செய்தே இருக்க வேண்டும்' என்று ஆக வேண்டும், இரண்டுக்கும் நடுவே நெடுந்தூரம் உண்டு என்று 1973-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதினார். நமக்கு அது வேண்டாம், விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த நகலில் வயலையும் வீட்டையும் ஒரே சொத்து விவரத்தில் சேர்த்திருக்கிறார்கள். அது முதல் தப்பு. வயல் பூர்வீகம், பாகப்பிரிவினையில் என் கைக்கு வந்தது. அதில் நீ பிறந்தபோதே உனக்குப் பங்கு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண்பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள், 2005-ல் தேசம் முழுக்க வந்தது, 2020-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பால் வரும் உரிமை என்று உறுதியாகச் சொல்லிவிட்டது. அது உன் கையில் இருக்கும் பொருள். கொடுக்க நினைத்தால் கொடு, அது உன் இஷ்டம். வீடு அப்படியல்ல. அது என் சுயார்ஜிதம், நானே சம்பாதித்த சொத்து. நான் இருக்கிறவரை அதில் உனக்கும் ஒன்றுமில்லை, அண்ணனுக்கும் ஒன்றுமில்லை. நாளைக்கே நான் அதை விற்றுவிட்டுக் காசிக்குப் போனாலும் கேட்க ஆளில்லை. போகமாட்டேன், உன் அம்மை விடமாட்டாள்.

"இல்லாததைத்தானே விட்டுக்கொடுக்கிறேன், கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது" என்று நீ கேட்பாய். அங்கேதான் மூன்றாம் பக்கத்தைப் பார்க்கச் சொல்கிறேன். "மேற்படி விடுதலைக்காக ரொக்கம் பெற்றுக்கொண்டபடியால்" என்று ஒரு தொகை இருக்கிறது. அது வழக்கமான வரி, எல்லாப் பத்திரத்திலும் இருப்பதுதான், நானே நூறு தடவை எழுதியிருப்பேன். ஆனால் 'வெறும் வாய்ப்பு' என்று சட்டம் ஒதுக்கிவைத்ததைக் கட்டுப்படுத்தும் பொருளாக மாற்றுவது அந்த வரிதான். தமிழ்நாட்டு வழக்கு ஒன்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அப்பா உயிரோடு இருக்கும்போதே மகன் பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதிக்கொடுத்திருந்தான். பிற்பாடு அவன் பிள்ளைகள் தாத்தா சொத்தில் பங்கு கேட்டு வந்தார்கள். தகப்பன் பணம் வாங்கியிருக்கிறான், அந்த நடத்தை பிள்ளைகளையும் சேர்த்துத்தான் கட்டும் என்று தீர்ப்பு. ஆக, நீ வாங்காத பணத்தை வாங்கியதாக ஒப்புக்கொண்டால், இல்லையென்று பின்னால் நிரூபிக்கிற பாரம் உன் தலையில். நம்ம குட்டியின் தலையிலும்.

அண்ணன் மேல் கோபப்படாதே. மாடி எடுக்க வேண்டும், லோன் போட வேண்டும், யாரோ 'தங்கச்சி கையெழுத்து எதற்கும் இருக்கட்டும்' என்று சொல்லியிருக்கிறார்கள். வீடு என் பேரில் இருக்கும்போது தங்கச்சி கையெழுத்து எதற்கு என்று அவனிடம் நானே கேட்டுக்கொள்கிறேன். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடமாட்டான். அப்புறம் சரியாகிவிடுவான்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. உன் அம்மைக்கும் முழுக்கத் தெரியாது.

1984-ல் உன் அத்தையிடம் இதே மாதிரி ஒரு பத்திரம் வாங்கினோம். சேரன்மகாதேவி வீடு தாத்தாவின் சுயார்ஜிதம். அவர் திடமாக இருந்த காலம். 'கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இனி என்ன' என்று ஆச்சிதான் ஆரம்பித்தாள், ஆனால் எழுதியது நான். தொழிலுக்கு வந்த புதிது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'ரொக்கம் ரூபாய் ஐநூறு பெற்றுக்கொண்டு' என்று எழுதினேன். அவள் ஐந்து பைசா வாங்கவில்லை. தார்சாவில் உட்கார்ந்து, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, எங்கே போடணும் அண்ணாச்சி என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். படித்துக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் எழுதினதைப் படிப்பாளா? மூன்று வருஷத்தில் தாத்தா உயில் எதுவும் எழுதாமல் போய்விட்டார். 1956 சட்டப்படி ஆச்சி, நான், அவள், ஆளுக்கு மூன்றில் ஒன்று. அந்தப் பத்திரத்தைக் காட்டி அவளை ஒதுக்கினேன். வீட்டை விற்ற பணத்தில்தான் இந்தப் பாளையங்கோட்டை மனையை வாங்கினேன்.

சுயார்ஜிதம் என்று மேலே பெருமையாக எழுதினேனே, அதன் அஸ்திவாரம் இது.

போன மாதம் கோவில் கொடைக்கு அத்தை வந்திருந்தாள். உனக்கென்று மஸ்கோத் அல்வா கொண்டுவந்தாள், குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாள். விற்ற விலையில் மூன்றில் ஒன்று எவ்வளவு, பேங்க் வட்டி போட்டால் இன்றைக்கு எவ்வளவு என்று என் நோட்டில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். பிசானம் அறுப்பு முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகிறேன். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன். தொகை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. மாடி இந்த வருஷம் எழும்பாது.

இப்படிக்கு,
அப்பா