ஸ்காபரோவிலிருந்து ஒரு பதில்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கம்பஸ் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் பெரிய சந்தோஷம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, முழங்கால் நோவும் கூடவே வந்துவிட்டது.

"சம்பளமும் இல்லை, பிறகு ஏன் அந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்து முகம் வாடிக் கிடக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். உளவளத் துணையாளரிடம் வருகிற எங்கட சனத்துக்கு மொழிபெயர்ப்பது வாயோடு முடிகிற வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் வந்தவர் "என்னை அடித்தார்கள்" என்றால் நானும் ஆங்கிலத்தில் "என்னை அடித்தார்கள்" என்றே சொல்ல வேண்டும். "அவரை" என்று தள்ளி நிற்க விடமாட்டார்கள்.

அண்மையில் ஒரு அம்மா வந்திருந்தா. அவ சொன்னதை உனக்கும் எழுத முடியாது, வீட்டிலும் சொல்ல முடியாது. நாவற்குழிப் பாலம் என்ற பெயர் வந்தது, அதை மட்டும் சொல்கிறேன். 95 ஒக்டோபர், சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் யாழ்ப்பாணத்தை விட்டு அந்தப் பாலத்தால் வெளிக்கிட்டது, அந்த மழை, சைக்கிளை உருட்டவும் முடியாமல் விடவும் மனமில்லாமல் நீயும் நானும் நெரிசலில் நின்றது! துணையாளர் எழுத்துக்கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டார். நானும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, மேசைக்குக் கீழே கால்தான் நடுங்கியது. பிறகு ஒருநாள் தமிழ்க் கடையில் அவ முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தா. அவவாகப் பேசாமல் நான் தெரிந்ததாகக் காட்டக் கூடாது. வெண்டிக்காய்ப் பக்கம் போய் நின்றுவிட்டேன்.

பிறர் பட்ட கொடுமையைக் கேட்டுக் கேட்டே கேட்பவரின் மனமும் மாறிப்போகும் என்று 1990 இல் மக்கான், பேர்ல்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதினார்கள். ஆனால் அவர்கள் எழுதியது சிகிச்சை தருபவர்களைப் பற்றி. துணையாளருக்குப் போய்ப் பேச ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார். தொண்டுக்குப் போகிறவன் பஸ் ஏறி வந்து, ஒன்றும் நடக்காதது போல் சோறு சாப்பிட வேண்டியதுதான். முன்பு போன இடத்தில் நன்றியும் பஸ் காசும் தருவார்கள், அவ்வளவுதான். இப்போது போகிற இடத்தில் இன்றைக்கு எதைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். முடிந்து ஆள் போனதும் பத்து நிமிடம் என்னோடு இருந்து பேசுகிறார்கள். நாவற்குழியை அங்கேதான் சொன்னேன். அன்றிரவு நித்திரை வந்தது. மூச்சுப் பயிற்சி என்று தாள் அச்சடித்துக் கொடுக்கிறவர்களும் உண்டு, அதையெல்லாம் நான் பெரிதாக நம்பவில்லை.

விடப்போவதில்லை, மச்சான். அடுத்த முறையும் நானே வர வேண்டும் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறா.

உன் தங்கை ஆஸ்பத்திரியில் சிங்கள டொக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பதாக முன்பு எழுதியிருந்தாய். அதுவும் தாதி வேலையோடு சேர்த்து. பிறகு யாராவது அவவோடு இருந்து பேசுகிறார்களா? கேட்டு எழுது. இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்