தொடாதே என்பதை விட, உள்ளே இன்னொரு கணினி போட்டுக் கொடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரத்தில் ஐ.சீ.ரீ. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடிப் பக்கம் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு லெப்டொப், அதிலேதான் அண்ணனின் அசைன்மென்ட், அப்பாவின் அலுவலகக் கணக்கு, அக்காவின் கல்யாணப் படங்கள் எல்லாம். அதனால் பிள்ளை புதிதாக எதையாவது இன்ஸ்டோல் பண்ணப் போனால் "தொடாதே, பழுதாகிடும்" என்ற சத்தம்தான் முதலில் வரும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பாடத்திட்டத்தில் இயங்குதளம் (விண்டோஸ் போல, கணினியையே நடத்தும் மென்பொருள்) என்று ஓர் அலகு இருக்க, விண்டோஸைத் தவிர வேறொன்றையும் கண்ணால் காணாமலே அதை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இதற்குக் காசு செலவில்லாத வழி வேர்ச்சுவல் பொக்ஸ். ஒராக்கிள் நிறுவனம் இலவசமாகத் தருகிறது. விண்டோஸுக்குள் மற்ற மென்பொருள் போலத்தான் திறக்கும், அந்த ஜன்னலுக்குள் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளம் ஒரு முழுக் கணினியாக ஓடும். உள்ளே இருக்கும் லினக்ஸ் தன்னுடைய ஹாட் டிஸ்க் என்று நினைப்பது உண்மையில் உங்கள் டிஸ்கில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு, அவ்வளவுதான். பிள்ளை அதற்குள் போய் ஃபோர்மட் அடித்தாலும் கல்யாணப் படங்களுக்கு ஒன்றும் ஆகாது (இரண்டுக்கும் பொதுவாக ஷெயார்ட் ஃபோல்டர் போட்டிருந்தால் மட்டும் கவனம், அதில் அழித்தது அழித்ததுதான்).

என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளை, முதலில் ஸ்னாப்ஷொட் (உள்ளே உள்ள கணினியின் அப்போதைய நிலையை அப்படியே சேமிப்பது) எடுத்து வைத்துவிட்டு, வேண்டுமென்றே லினக்ஸ் எழும்பத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் கோப்புறையை அழித்துப் பார்த்தாள். திரும்ப இயக்கியபோது கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்ற எழுத்து மட்டும் வந்து நின்றது. ஸ்னாப்ஷொட்டை மீட்டதும் எல்லாம் பழையபடி. கணினி எப்படி எழும்புகிறது என்பது அன்றைக்கு அவளுக்கு விளங்கின மாதிரி எந்த நோட்ஸிலும் விளங்கியிருக்காது.

ரெம் 8 ஜிபி இருந்தால் பாதிக்கு மேல் உள்ளே கொடுக்காதீர்கள், டிஸ்கில் 25 ஜிபி அளவு இடம் வேண்டும். டாஸ்க் மனேஜரில் சீபீயூ பகுதியைத் திறந்தால் வேர்ச்சுவலைசேஷன் (கணினிக்குள் கணினி ஓட்ட உதவும் வசதி) இயங்குகிறதா என்று காட்டும், இல்லையென்றால் பயோஸுக்குள் (கணினியை ஓன் பண்ணியதும், விண்டோஸ் வருவதற்கு முதல் திறக்கும் அமைப்புத் திரை) போய் அதை ஓன் பண்ண வேண்டும், பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். 4 ஜிபி மெஷினில் இதற்கு மினக்கெடவே வேண்டாம், பென் டிரைவில் இருந்து நேரே லினக்ஸை ஓட்டிப் பார்ப்பதுதான் சரி.

அப்புறம், விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியைக் கேட்பதால் பழைய லெப்டொப் பலவற்றுக்கு அது ஏறாது, புதிது வாங்கச் சொல்லித்தான் கடைகளிலும் சொல்கிறார்கள். கடன்பட்டு வாங்குவதற்கு முதல், இந்த ஜன்னலுக்குள் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டைப் போட்டு வீட்டு வேலைக்குச் சரிவருகிறதா என்று ஒரு மாதம் பாவித்துப் பாருங்களேன்.

ஒரு தடைதான் உண்மையில் பெரியது. மின்ட்டை இன்ஸ்டோல் பண்ண இறக்க வேண்டிய ஐஎஸ்ஓ கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிபி. ஃபோனில் டேட்டா கார்ட் போட்டு இணையம் பார்க்கும் வீட்டுக்கு அது லேசுப்பட்ட காரியமில்லை, பாதியில் அறுந்தால் காசும் போச்சு. இதைப் பிரதி எடுத்துக் கொடுப்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. அதனால் மட்டக்களப்பு, கல்முனைப் பொது நூலகங்களும் பாடசாலைக் கணினி அறைகளும் ஒரு மெஷினில் இந்தக் கோப்பை வைத்து, பென் டிரைவ் கொண்டு வரும் பிள்ளைக்கு ஏற்றிக் கொடுத்தால் என்ன? கோப்பு சரியாக இறங்கியதா என்று பார்க்கும் ஷா 256 எண்ணையும் அச்சடித்துப் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். முதல் தடவை செய்து காட்ட ஆள் வேண்டும் என்றால், எந்த நூலகம் கூப்பிட்டாலும் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஐ.சீ.ரீ. கற்பிக்கும் ஒரு வாசகர்,
ஆரையம்பதி.