லிப்ரேஆபிஸ் ஏற்றச் சொல்லும் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

"அனைத்துக் கணினிகளிலும் மாத இறுதிக்குள் லிப்ரேஆபிஸ் நிறுவப்பட வேண்டும்" என்று ஒற்றை வரியில் சுற்றறிக்கை வருகிறது. லிப்ரேஆபிஸ் என்பது வேர்டு, எக்செல் அடங்கிய எம்எஸ் ஆபிஸுக்கு மாற்றான இலவச மென்பொருள் தொகுப்பு. நிறுவுவது பெரிய வேலை இல்லை. ஆனால் எந்த எழுத்துரு, எந்தக் கோப்பு வடிவம், எந்த செக்‌ஷனுக்கு எக்செலை விட்டுவைப்பது என்று சுற்றறிக்கையில் ஒரு சொல்கூட இருப்பதில்லை. அதெல்லாம் முடிவாகாமல் ஏற்றினால், இரண்டாம் வாரமே டைப்பிஸ்ட் பழைய வேர்டைத் தேடிப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

முதலில் எழுத்துரு. லிப்ரேஆபிஸில் வேர்டின் இடத்தில் இருக்கும் ரைட்டர், ஒவ்வொரு பத்திப் பாணியிலும் (பத்தியின் எழுத்துரு, அளவு போன்றவற்றின் தொகுப்பு) ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு இன்னொன்றையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து அமைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு கடிதத்தின் தலைப்பிலேயே பார்க்கலாம். "ந.க.எண் 1234/அ1/2024" என்று அடித்தால் தமிழ் எழுத்து ஓர் எழுத்துருவில் வரும், எண்கள் பெரும்பாலும் லிபரேஷன் செரிஃப் என்ற ஆங்கில எழுத்துருவில் போய் விழும். அளவையும் ஒரு பக்கம் மட்டும் மாற்றியிருந்தால் ஒரே வரியில் எழுத்து பெரிதும் சிறிதுமாகத் தெரியும். தமிழும் ஆங்கிலமும் உள்ள ஓர் எழுத்துருவைத் தேர்ந்து, இரண்டு இடத்திலும் ஒரே அளவில் வைத்து, அதையே அலுவலக வார்ப்புருவாகச் சேமிப்பதுதான் வழி.

பழைய கோப்புகள் பல லதா என்ற தமிழ் எழுத்துருவில் இருக்கும். விண்டோஸ் 10 முதல் லதா கூடுதல் அம்சமாகத் தனியே சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அது இல்லாத கணினியில் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்ளும். அகலம் மாறும், பக்கம் மாறும், நான்கு பக்க அறிக்கை ஐந்தாகும். பழி லிப்ரேஆபிஸ் மேல் விழும். இன்னொன்று: எழுத்துருக் கோப்பை இருமுறை கிளிக் செய்து நிறுவினால் இப்போதைய விண்டோஸில் அது அந்த ஒரு பயனருக்கு மட்டுமே. "எல்லாப் பயனர்களுக்கும்" என்பதைத் தேர்ந்துதான் நிறுவ வேண்டும்.

எல்லாக் கணினியிலும் தமிழை ஒரே குறியீட்டில் வைக்கும் யூனிகோட் என்ற ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றது 2010இல். ஆனாலும் வானவில், பாமினி போன்ற ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அந்த எழுத்துருக்களை அவசரப்பட்டு நீக்காதீர்கள். நீக்கினால் கோப்பில் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகும். குறியேற்றமே (எழுத்துக்கு எண் தரும் முறையே) வேறு என்பதால், ஓர் எழுத்துருவுக்குப் பதில் இன்னொன்றைக் காட்டும் எழுத்துரு மாற்று அட்டவணையால் இதைச் சரிசெய்ய முடியாது. நகல் எடுத்து, மாற்றி மென்பொருள் கொண்டு ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மாற்றி முடியும்வரை, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தத்தை அணைத்து வையுங்கள். பாமினியில் சிறிய எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு. வாக்கியத் தொடக்கத்தில் "கடிதம்" என்று அடித்தவருக்குக் "குடிதம்" என்று வந்தால், வைரஸ் புகுந்துவிட்டது என்றுதான் உங்களுக்கு போன் வரும்.

இனி கணினிப் பிரிவினருக்கு. குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளையும் சர்வரிலிருந்து அமைக்கும் விண்டோஸ் வசதி) வழியாக எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்பை அனுப்பினால் அதைப் பயனருக்கு அல்ல, கணினிக்கு ஒதுக்குங்கள். நிறுவல் கணினி தொடங்கும்போது, கணினியின் சொந்தக் கணக்கில் நடக்கிறது. அந்தக் கோப்பை வைத்த ஷேர் ஃபோல்டரில் டொமைன் யூசர்ஸ் என்ற பயனர் குழுவுக்கு மட்டும் ரீட் அனுமதி தந்து, டொமைன் கம்ப்யூட்டர்ஸ் என்ற கணினிக் குழுவை விட்டுவிட்டால் பயனர் கண்ணில் எந்தப் பிழையும் படாது, மென்பொருளும் வராது. பாதையை சர்வர் பெயரோடு முழுதாகக் கொடுங்கள். பயனர் உள்நுழைந்த பிறகே இணையும் இசட் டிரைவ் என்று கொடுத்தால் அந்த நேரத்தில் அப்படி ஒரு டிரைவே இருக்காது. மொழி, டெஸ்க்டாப் ஐகான், புதுப்பிப்பு அறிவிப்பு போன்ற விருப்பங்களைக் கட்டளை வரியில் தர இங்கே வழியில்லை. அவற்றை எம்எஸ்டி என்ற துணைக் கோப்பில் வைத்து, தொகுப்பைச் சேர்க்கும் அந்தத் தருணத்திலேயே இணைக்க வேண்டும். பிறகு சேர்க்க முடியாது. தொகுப்பை நீக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். இணைய வசதி இல்லாத அலுவலகம் என்றால் உதவிப் பக்கங்களின் எம்எஸ்ஐ தனி. அதையும் மறக்க வேண்டாம்.

ஒரு கணினியில் எல்லாம் அமைத்து, அதன் லிப்ரேஆபிஸ் யூசர் ப்ரொஃபைல் ஃபோல்டரை மற்றவற்றுக்கு நகலெடுக்கும் பழக்கத்தை விடுங்கள். முதலாமவரின் பெயரும் அவர் கடைசியாகத் திறந்த கோப்புப் பட்டியலும் கூடவே ஊர் சுற்றும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாலிசீஸ் பகுதியின் கீழ் லிப்ரேஆபிஸுக்கென்று இடம் இருக்கிறது. ஒவ்வொரு அமைப்புக்கும் அங்கே வேல்யூ என்று மதிப்பையும், மாற்றக்கூடாது என்றால் ஃபைனல் என்பதில் ஒன்றையும் எழுதுங்கள். ஃபைனல் இல்லாவிட்டால், ஏற்கெனவே தன் விருப்பப்படி மாற்றி வைத்திருப்பவரின் அமைப்பே வெல்லும். அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவிடாதீர்கள். சேமிப்பு வடிவம், மேக்ரோ (கோப்புக்குள் இருந்து ஓடும் சிறு நிரல்) பாதுகாப்பு நிலை இரண்டைப் பூட்டினால் போதும்; கருவிப்பட்டையை அவரவர் இஷ்டத்துக்கு விடலாம்.

சேமிப்பு வடிவம் பற்றி எங்கள் கருத்து: அலுவலகத்துக்குள் ஓடிடி (.odt, லிப்ரேஆபிஸின் சொந்த வடிவம்), வெளியே போவது பிடிஎஃப். இரு தரப்பும் மாறி மாறித் திருத்தும் கோப்பு மட்டும் டாக்எக்ஸ் (.docx, வேர்டின் வடிவம்). எந்தக் கோப்பு எந்த மென்பொருளில் திறக்க வேண்டும் என்பதை விண்டோஸ் 10 முதல் நிறுவல் விருப்பத்தால் மட்டும் மாற்ற முடிவதில்லை. மாதிரிக் கணினியில் இயல்பு செயலிகளை அமைத்து, டிஸ்ம் (DISM) என்ற விண்டோஸ் கட்டளையால் அந்தப் பட்டியலை எடுத்து, குரூப் பாலிசியில் காட்ட வேண்டும்.

கணக்குப் பிரிவில் எக்செல் மேக்ரோவை நம்பி ஓடும் பட்டியல்கள் இருந்தால், அங்கே எக்செல் இருந்துவிட்டுப் போகட்டும். எக்செலின் விபிஏ மொழியில் எழுதிய மேக்ரோக்கள் சில, லிப்ரேஆபிஸில் எக்செலின் இடத்தில் இருக்கும் கால்க்கில் ஓடாது. சம்பளப் பட்டியலை வைத்துச் சோதனை செய்ய வேண்டாம்.

ஆகவே அடுத்த சுற்றறிக்கையில் துறைத் தலைவர் கையெழுத்தோடு நான்கு விவரங்கள் வேண்டும்: எழுத்துருவும் அளவும், சேமிப்பு வடிவம், எக்செல் நீடிக்கும் இருக்கைகளின் பட்டியல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்பை ஏற்றும் பொறுப்பாளரின் பதவிப் பெயர். பிறகு செக்‌ஷனுக்கு ஒரு கணினி வீதம் ஏற்றி, சென்ற ஆண்டின் கோப்புகளைத் திறந்து அச்செடுத்து, பழைய நகலோடு பக்கம் பக்கமாக ஒப்பிட இரண்டு வாரம் கொடுங்கள்.

இப்படிக்கு,
அலுவலகக் கணினிகளைப் பராமரிப்போர்