எங்க டைப்பிங் சங்கத்து ஆண்டறிக்கை – செயலாளர் வாசிச்சது

எல்லாருக்கும் வணக்கம். கோர்ட்டு வாசல்ல மெஷின் போட்டு உக்காந்த மூத்தவங்கள்ல இருந்து லேப்டாப்போட வர்ற தங்கச்சிங்க வரைக்கும் காரைக்குடி வந்து சேர்ந்திருக்கீங்க, ரொம்ப சந்தோசம். வரவு செலவ பொருளாளர் அண்ணன் வாசிச்சிட்டாரு, சந்தா பாக்கி உள்ளவங்க கட்டிருங்க.

இந்த வருசம் என்னய தூங்க விடாதது செட்டிநாட்டு வீட்டு கேஸு ஒண்ணுல வந்த அந்த வளவு விஷயம்தான். பங்காளிங்களுக்குள்ள பாகப்பிரிவினை கேஸு, குறுக்கு விசாரணைய அட்வகேட் கமிஷனர், அதான் கோர்ட்டு நியமிச்ச வக்கீல், எடுத்தாரு, டைப்புக்கு வெளியூர் நிறுவனம் ஒண்ணக் கூப்பிட்டிருக்காங்க, அவங்க பேச்ச ரெக்கார்ட் பண்ணிட்டுப் போயி ஊர்ல வேற யாரையோ வச்சு அடிச்சு அனுப்பிட்டாங்க. சாட்சி சொன்ன ஆச்சி "ரெண்டாங்கட்டு எங்களுக்கு, வளவு பொது"ன்னு சொன்னது "வளைவு பொது"ன்னு வந்திருக்கு. முகப்பு தாண்டுனா வளவு, நடுவுல முற்றம், சுத்தி புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு அறை, இது நம்ம பக்கத்துப் புள்ளைக்குக் கூடத் தெரியும், அடிச்சவருக்குத் தெரியல. நம்ம மெம்பர் அக்கா ஒத்துப் பாக்கயில சிக்குச்சு, இல்லேன்னா அந்த ஆச்சி சொல்லாதது சாட்சியமா நின்னிருக்கும்.

சிவில் நடைமுறைச் சட்டம் 18ஆவது ஆர்டர் 4ஆவது ரூல்ல சாட்சியத்த கமிஷனர் முன்னாலயே பதியணும்னு தெளிவா இருக்கு. ஆனா நமக்கு டைப்பிங்ல லோயர், ஹையர்னு பரீட்சை இருக்கே தவிர, ஆள் வச்சுத் தொழில் பண்ற நிறுவனத்தக் கேக்க ஒரு போர்டும் இல்ல. அமெரிக்காவுல கலிபோர்னியாவுல சாட்சியத்த எழுதி எடுக்கற கோர்ட் ரிப்போர்ட்டர் மட்டும் லைசென்ஸ் வச்சிருந்தா பத்தாதுன்னு 2022 ஜூலை 1ல இருந்து நிறுவனமும் கோர்ட் ரிப்போர்ட்டர்ஸ் போர்டுல பதியணும்னு ஆக்கிட்டாங்க, வக்கீலுக்கு வருசத்துக்கு 100 டாலருக்கு மேல அன்பளிப்பு குடுக்கவும் தடை. இங்க தீபாவளிக்கு குமாஸ்தாவுக்கு கவர் குடுத்து வேலை புடிக்கிறோம், தப்புதான்னு நான் நேராவே சொல்றேன், ஒரு கட்சிக்காரர் ஆளு குடுத்த வேலைன்னு மனசுல வந்துட்டா கையி நடுநிலையா அடிக்காது.

அதனால கமிட்டில பேசி முடிவெடுத்தோம். வேலை புடிக்க கவர், கமிஷன் குடுக்கறத நிப்பாட்டணும், கட்சிக்காரர் நமக்கு சொந்தம்னா முன்னாடியே சொல்லிறணும், கடைசிப் பக்கத்துல அடிச்சவர் பேரும் ஒத்துப் பாத்தவர் பேரும் இருக்கணும், புரியாத வார்த்தைய நம்மளா திருத்தாம அந்த எடத்துலயே கேக்கணும். ஜில்லா கோர்ட்டுக்கு மனுவும் எழுதி வச்சிருக்கேன், கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. அப்பறம் பழைய சுருக்கெழுத்து நோட்ட எடைக்குப் போட்ராதீங்க, கேஸு அப்பீல்ல இருக்கும்.