கத்திரி வெயில் முகூர்த்தத்துக்கு செட்டிங் பவுடர்: மகளுக்கு ஒரு கடிதம்

தண்டையார்பேட்டை,
சென்னை.

அன்பு மகள் நிவேதாவுக்கு,

அம்மா எழுதுவது. மே மாதம் மலர் கல்யாணத்துக்கு மணப்பெண் மேக்கப் நீதான் என்று உன் சித்தி சொன்னாள். ரொம்ப சந்தோஷம் கண்ணு. காலையில் திருவொற்றியூர் கோயிலில் முகூர்த்தம், சாயங்காலம் ராயபுரம் மண்டபத்தில் ரிசப்ஷன். இரண்டுமே கடலுக்குப் பக்கம், அதுவும் கத்திரியில். மேக்கப் கலையாமல் நிற்க மேலே வைக்கிற செட்டிங் பவுடரை பெங்களூரில் நீ போடுகிற மாதிரி இங்கே போட்டால் நிற்காது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதியே விடுகிறேன்.

அங்கே வருகிற கொஞ்ச வியர்வையும் காற்றில் காய்ந்துவிடும். இங்கே காயாது, முகத்திலேயே நிற்கும். மேலே பவுடர் நிறைய இருந்தால் வியர்வையோடு குழைந்து, மூக்கோரத்திலும் உதட்டுக்கு மேலேயும் திட்டுத் திட்டாகத் திரளும். அதைப் பார்த்துவிட்டு பவுடர் பத்தவில்லை என்று இன்னும் போடுவார்கள். மேக்கப் கெடுவது அங்கேதான். நம்ம ஊருக்கு வழி ஒன்றுதான்: அடியில் பூச்சு மெல்லிசாக இருக்கணும், பவுடர் கொஞ்சமாக இருக்கணும், அழுத்தி வைக்கணும்.

பவுடர் வாங்கும்போது டப்பாவில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படி. டால்க் தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், தோலில் சீராகப் பரவும். மெக்னீசியம் ஸ்டியரேட், ஜிங்க் ஸ்டியரேட் இருந்தால் பவுடர் தோலில் ஒட்டி நிற்கும். சோள ஸ்டார்ச், அரிசி ஸ்டார்ச் பட்டியலில் முதலில் வருகிற பவுடர் ஈரத்தைக் குடித்துவிடும். ஏசி ஹாலுக்கு அது போதும், கோயில் முகூர்த்தத்துக்கு வேண்டாம். சிலிக்கா எண்ணெய், ஈரம் இரண்டையும் உறிஞ்சும். ஆனால் முழுக்க சிலிக்காவாக இருக்கிற வெள்ளை எச்.டி பவுடர் கொஞ்சம் கூடினாலும் ஃபிளாஷ் போட்டோவில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். கண்ணாடியில் தெரியாது, வீடியோ லைட்டிலும் தெரியாது, ஆல்பம் வந்த பிறகுதான் தெரியும். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள சன்ஸ்க்ரீனும் இப்படிச் செய்யும். அதனால் டிரையல் அன்று அறை விளக்கை அணைத்துவிட்டு, உன் போனில் ஃபிளாஷோடு ஒரு படம் எடுத்துப் பார். முகம் கழுத்தைவிட வெளுத்திருந்தால் பவுடரையோ சன்ஸ்க்ரீனையோ மாற்று.

நிறத்தில் கவனமாக இரு. டிரான்ஸ்லூசன்ட், அதாவது நிறம் காட்டாதது, என்று எழுதியிருந்தாலும் டப்பாவில் வெள்ளையாக இருக்கிற பவுடரை மலருடைய மாநிறத்தில் அழுத்தி வைத்தால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். அவளுக்குக் கண்ணுக்குக் கீழே மஞ்சள் கலந்த பனானா பவுடர், மற்ற இடத்துக்குத் தேன் நிறத்தில் ஒன்று. அவளைவிடக் கறுத்த பெண்ணாக இருந்தால் பனானாகூட வெளிறித் தெரியும். பீச் அல்லது கேரமல் நிறம் எடு. “கொஞ்சம் கலரா காட்டும்மா” என்று சொந்தக்காரர்கள் பக்கத்தில் நின்று சொல்வார்கள். கேட்காதே. கழுத்தும் கையும் ஒரு நிறம், முகம் ஒரு நிறம் என்று ஒரு பெண்ணை மணையில் உட்கார வைப்பது அவளுக்குச் செய்கிற அவமரியாதை. மலர் அவள் நிறத்திலேயே ஜொலிக்கணும்.

வீட்டில் குளித்துவிட்டுப் போடுகிற டால்கம் பவுடர் இதற்கு ஆகாது. அதில் வாசனை இருக்கும், கண்ணுக்கடியில் எரியும், வெள்ளையாகவும் தெரியும். பாரிமுனைப் பக்கம் வெளிநாட்டுப் பவுடர் மலிவாகக் கிடைக்கும், போலியும் அதோடு கலந்தே கிடைக்கும். இறக்குமதி சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, பதிவுச் சான்று எண், பேட்ச் எண் எல்லாம் ஒட்டியிருக்கணும். இல்லாவிட்டால் தொடாதே.

இனி வேலைக்கு வருகிறேன். மலருக்கு நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வடியும். முதல் பூச்சான பிரைமர் போட்டதும் அந்த இரண்டு இடத்தில் மட்டும் ஒரு சிட்டிகை பவுடரை அழுத்திவிட்டு, அதன்மேல் தோல் நிறப் பூச்சான ஃபவுண்டேஷன் போடு. அடியில் இருக்கிற பவுடர் எண்ணெயைப் பிடித்துக்கொள்வதால் மேல்பூச்சு சீக்கிரம் நகராது. ஃபவுண்டேஷனைத் தடியாக ஒரே பூச்சாகப் போடாமல் மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவில் இரண்டு மூன்று நிமிஷம் விடு. கிரீம் பிளஷ், முகத்தில் நிழல் காட்டுகிற கிரீம் கான்டூர் எல்லாம் பவுடருக்கு முன்னால் முடிந்துவிடணும். பவுடர் போட்ட பிறகு அதன்மேல் கிரீமைத் தேய்த்தால் அடியில் இருப்பதையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும், அங்கே திட்டு விழும். பவுடர் பிளஷ், பவுடர் ஹைலைட்டர் இதற்கு நேர்மாறு: அவற்றை செட்டிங் பவுடருக்குப் பிறகு போட்டால்தான் ஒரே இடத்தில் அப்பாமல் பரவும்.

அடுத்தது டிஷ்யூ. இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு அடுக்கு டிஷ்யூவைப் பிரித்து ஒற்றை அடுக்காக்கி முகத்தில் வைத்து, உள்ளங்கையால் ஒற்றி எடு. தேய்க்கக் கூடாது. மிச்ச எண்ணெய் அதில் வந்துவிடும். இப்போது விரல் பின்பக்கத்தால் கன்னத்தைத் தொட்டுப் பார். லேசாக ஒட்டினால் பவுடர் போடுகிற பதம். வழவழவென்று நழுவினால் இன்னும் ஒருமுறை ஒற்று. சுத்தமாகக் காய்ந்துபோயிருந்தால் பவுடர் பிடிக்காமல் மேலேயே நிற்கும். லேசாக ஒரு மிஸ்ட், அதாவது ஈரச் சாரல், அடித்து, அரை நிமிஷம் விட்டுப் போடு.

கண்ணுக்குக் கீழேதான் உன் பொறுமை தெரியும். ஒரு கண்ணை முடித்துவிட்டு அடுத்த கண்ணுக்குப் போ. இரண்டு பக்கமும் கருவளையத்தை மறைக்கிற கன்சீலரைப் போட்டுவிட்டுப் பவுடரைத் தேடினால் அதற்குள் கோடு விழுந்துவிடும். மலரை மேலே பார்க்கச் சொல். மோதிர விரலால், இல்லாவிட்டால் ஸ்பாஞ்ச் நுனியால், மடிப்பில் சேர்ந்திருக்கிற கன்சீலரை ஒற்றிச் சமமாக்கு. அந்தக் கையோடு, அவள் கண்ணைக் கீழே இறக்குவதற்கு முன்னாலேயே, பவுடர் வைத்துவிடணும். முக்கோண வெல்வெட் பஃபின் முனையை மூடியில் கொட்டிய பவுடரில் தொட்டு, பஃபை இரண்டாக மடித்துத் தனக்குள்ளேயே கசக்கு. பவுடர் நூலிழைக்குள் இறங்கி, மேலே ஒன்றும் இல்லாத மாதிரி தெரியும். புறங்கையில் ஒரு தட்டு. அப்புறம் உள்மூலையிலிருந்து வெளியே, அழுத்தி லேசாக உருட்டி எடு. இழுக்காதே. உள்மூலையில் மூக்கை ஒட்டிய குழியில் பவுடர் எப்போதும் கூடுதலாக உட்காரும். அங்கே பஃப் வேண்டாம், சின்ன ஐஷேடோ பிரஷில் ஒட்டியிருப்பது போதும்.

பேக்கிங், அதாவது பவுடரை வைத்துச் சில நிமிஷம் விட்டுத் தட்டிவிடுவது, இங்கே வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாயோரம், தாடைக்கு மேல், மூக்கோரம் இந்த இடங்களில் மெல்லிசாக வைத்து மூன்று நிமிஷம் விட்டுத் தட்டிவிடலாம். கண்ணுக்குக் கீழே குவித்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சி அந்தத் தோலை வறட்டிவிடும். சிரித்ததும் கோடு கோடாக வெடிக்கும். சித்திக்கும் பெரியம்மாவுக்கும் மேக்கப் போட்டால் அவர்களுக்குப் பேக்கிங் அறவே கூடாது. நெற்றி நடுவிலும் மூக்கிலும் பிரஷால் ஒரு தடவல், அவ்வளவுதான்.

மற்ற முகத்துக்குப் பெரிய பஃப். நெற்றி நடு, மூக்கு, மூக்கோரம், மேலுதடு, தாடை என்று டி-சோனில் முதலில் அழுத்து. பஃபில் மிச்சம் இருப்பது கன்னத்துக்குப் போதும். முழு முகத்துக்கும் கால் டீஸ்பூனுக்குக் கீழேதான் செலவாகணும். நெற்றிச்சுட்டி கட்டுவதற்கு முன்னால் வகிடு ஓரத்திலும், மூக்குத்தி மாட்டுவதற்கு முன்னால் அந்த இடத்திலும் நன்றாக அழுத்திவிடு. நகை உரசுகிற இடத்தில்தான் பூச்சு முதலில் போகும். கழுத்துக்கும் காதுக்கும் சேர்த்துப் போடு. பிறகு பஞ்சு மாதிரி இருக்கிற பெரிய பிரஷால், மேலிருந்து கீழாக, முகத்து ரோமம் படுகிற திசையில் துடைத்துவிடு. பவுடர் வைக்கிற வரை ஃபேன் நிற்கட்டும், இல்லாவிட்டால் பட்டுப்புடவையெல்லாம் பவுடராகும்.

இதற்கு மேல் செட்டிங் ஸ்பிரே. ஒரு முழ தூரத்திலிருந்து, நெற்றியிலிருந்து தாடைக்கு எக்ஸ் மாதிரி இரண்டு கோடு. பாதி காய்ந்த நிலையில் பவுடர் இல்லாத சுத்தமான பஃபால் டி-சோனை மறுபடி அழுத்து. பவுடர் முகத்தோடு ஐக்கியமாகிவிடும், மாவு தெரியாது.

இன்னொரு முக்கியமான விஷயம். மேக்கப் அறையில் ஏசி ஓடும், கோயில் மண்டபத்தில் கிடையாது. ஏசியிலிருந்து நேராக வெளியே போனால் மளமளவென்று வேர்க்கும். அதனால் கிளம்புவதற்குக் கால் மணி முன்னாலேயே ஏசியை நிறுத்தி, ஃபேனை மெதுவாக வைத்து அவளை உட்கார வை. முதல் வியர்வை அங்கேயே வரட்டும். டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, வேர்த்த இடத்தில் மட்டும் கொஞ்சம் பவுடரை அழுத்தி அனுப்பு.

மணையில் உட்கார்ந்ததும் ஹோமப் புகையில் கண் கலங்கும். டிஷ்யூவை முக்கோணமாக மடித்து, நுனியை இமையோரத்தில் வைத்தால் தானே உறிஞ்சிக்கொள்ளும். கன்னத்தில் வழிய விட்டால் பவுடரில் கோடு போட்டுவிடும். குங்குமம் வைக்கும்போது துகள் மூக்கில் உதிரும். பவுடர் சரியாகப் பிடித்த தோலில் அது ஒட்டாது. சுத்தமான உலர்ந்த பிரஷால் தட்டிவிடு. விரலால் துடைத்தால் சிவப்பு இழுபட்டுப்போகும், பிறகு அதை எடுக்க முடியாது. டச்-அப்பில் ஒரே விதி: முதலில் ஒற்று, பிறகு பவுடர். ஈரத்தின்மேல் பவுடர் வைத்தால் திட்டு நிச்சயம். ஒவ்வொரு முறையும் பவுடர் போடவும் வேண்டியதில்லை, பெரும்பாலும் ஒற்றினாலே போதும். மாப்பிள்ளைக்கும் அப்படியே, நிறமில்லாத காம்பாக்ட் மூக்கில் மட்டும்.

சாயங்கால ரிசப்ஷனுக்குக் காலை மேக்கப்பின்மேல் போடாதே. கிளென்சிங் பாம் போட்டு எடுத்து, முகம் கழுவி, ஒரு மணி நேரம் தோலுக்கு ஓய்வு கொடுத்துப் புதிதாக ஆரம்பி. மண்டபம் ஏசி என்பதால் டி-சோனுக்கு மட்டும் பவுடர் போதும், கன்னம் பளபளப்பாகவே இருக்கட்டும்.

உன் உடம்புக்காக ஒன்று சொல்கிறேன், தட்டாதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2024 ஜூலையில் டால்க்கை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில், சேர்த்திருக்கிறது. மணப்பெண் ஒரு நாள்தான் போடுகிறாள், நீ வாரத்துக்கு எத்தனையோ முகம் பார்க்கிறாய். தூளாக இருக்கிற லூஸ் பவுடர் திறக்கும்போது மாஸ்க் போடு. டப்பாவை முகத்துக்கு நேராகத் தட்டாதே. உட்கார்ந்திருக்கிறவளையும் அந்த நிமிஷம் வாயை மூடி மூச்சை அடக்கச் சொல். வீசிங் உள்ளவர்களுக்கு லூஸ் பவுடரே வேண்டாம், கட்டியாக அழுத்திய பிரெஸ்டு பவுடர் போடு.

பஃப் ஒரு முகத்துக்கு ஒன்று. எங்கள் பக்கம் உப்புக்காற்றில் எதுவும் சீக்கிரம் காயாது, ஈரம் நின்ற பஃபில் பூஞ்சை வரும். பேபி ஷாம்பூவில் கழுவி, துண்டில் வைத்துப் பிழிந்து, ஃபேன் காற்றில் முழுதாகக் காயவைத்துதான் கொண்டு வா. பவுடர் டப்பா வைக்கிற பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வை. டிஷ்யூவும் பிளாட்டிங் பேப்பரும் நான் இங்கே வாங்கி வைத்துவிடுகிறேன். டிரையலுக்குக் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிடு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, ஏசி இல்லாத நம்ம கூடத்திலேயே போட்டுப் பார்ப்போம். மலரை அன்று சன்ஸ்க்ரீனும் கையோடு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா