ஜனவரி 26 கிராம சபை: குழுவினர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். குடியரசு தினத்தன்று காலை 11 மணிக்கு ஊராட்சி அலுவலகம் முன்பு கிராம சபை. ஊராட்சியின் வரவு செலவு அங்கேதான் வாசிக்கப்படும். டீக்கடையில் கணக்குக் கேட்பவர்கள் அவசியம் வரவும்.

1. வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

2. ஊருணியில் நாம் வெட்டிய சீமைக்கருவேலம் தூரிலிருந்து மறுபடியும் துளிர்த்துவிட்டது. அரிவாளால் ஆகாது, வேரோடு பிடுங்க இயந்திரம் வேண்டும் என்று தீர்மானம் கேட்போம்.

3. கரையில் முளைத்திருக்கும் பனங்கன்றுகளுக்கு முள்வேலி: 25ஆம் தேதி காலை 6 மணி. மண்வெட்டி கொண்டுவரவும்.

4. தீர்மானப் பதிவேட்டைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

வருபவர்கள் 23ஆம் தேதிக்குள் இங்கே பெயரைப் பதிவிடவும். கும்பிடும் படம் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.